ஏழு கைச் சோறு

என் வயசுக்காரிகள் இன்னும் நாலு பேராவது உசுரோடு இருப்பீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து கம்மி. தப்பு இருந்தால் பேத்தி திருத்துவாள், திருத்தட்டும். நாக்கு விசயத்தில் மட்டும் என்னை யாரும் திருத்த வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் பேரன் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. குறைந்த காசில் எந்தக் கடையில் எந்த ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்று தேடிக்கொண்டு புருசனும் பொண்டாட்டியும் மதுரை முழுக்கச் சுற்றுகிறார்கள். திரும்பி வந்து எனக்கு விளக்கம் வேறு. "அப்பத்தா, இன்னைக்கு ஒரு கடை கண்டுபிடிச்சோம்" என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். ஒன்பது வயசில் மாட்டு வண்டியில் போய் இந்த ஊரில் எத்தனை விதக் கை உண்டோ அத்தனை கையிலும் தின்றவள் நான். எதற்காகத் தின்றேன் என்பதைத்தான் இத்தனை காலமாக யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது என் அத்தையைக் கட்டிக் கொடுத்திருந்த ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில். கிணற்றுப் பாசனம், கத்தரியும் வெண்டையும். மாமா வாரம் தவறாமல் சிம்மக்கல் சந்தைக்கு வண்டி கட்டுவார். நல்ல உயரம், காதில் கடுக்கன், தோளில் எப்போதும் துவைத்த துண்டு. அந்தத் துண்டை அவர் யாருக்காகவும் தோளை விட்டு இறக்கியதில்லை. ஊரில் அதற்காகவே அவரைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். எனக்கு அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

அத்தைக்குப் பிள்ளை தங்கவில்லை. மூன்று தரம் உண்டாகி மூன்றும் கரைந்து போனது. அந்த வருசம் ஆடியில் மறுபடியும் குளிக்காமல் இருந்தாள். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நிக்கும்" என்றாள். அத்தையின் மாமியார் சிரிக்கவில்லை. அவளுடைய அண்ணன் மகள் ஒருத்தி சமைந்து வீட்டில் இருந்தாள். "இதுவும் தங்கலேன்னா பங்குனியில என் அண்ணன் மகளக் கூட்டியாந்துருவேன். வம்சம்னு ஒண்ணு வேணுமில்ல" என்று அத்தையின் காதுபடவே சொல்லிவிட்டு, அம்மியில் மிளகாயை வைத்து அரைப்பாள். அத்தை தண்ணீர் தெளித்துக் கொடுப்பாள்.

ஐப்பசி மழை விட்டதும் குறி கேட்கக் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவன் உடுக்கையை அடித்து, கண்ணைச் சொருகிக்கொண்டு சொன்னது எனக்கு ஒரு அட்சரம் கூட மறக்கவில்லை. "ஏழு சாதி கை ஆக்குன சோறு இவ வயித்துல விழுகணும். வாசல் வாசலாப் போயி மடியேந்தி வாங்கணும். சமையாத பொம்பளப் புள்ள ஒண்ணு கூட இருந்து மொத வாய் அது திங்கணும். அப்பத்தேன் நெலைக்கும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "எம் பொண்டாட்டி மடியேந்தணுமாக்கும்! சந்தைக்குக் காய் ஏத்துறவன் பொண்டாட்டி பிச்சைக்குப் போனான்னா நாளைக்கு எவன்டா எனக்கு வெலை சொல்லுவான்? மதுரையில இல்லாத சோத்துக்கடையா? காசக் குடுத்து வாங்கித் தாரேன்."

"கடச் சோறும் கைச் சோறும் ஒண்ணாடா?" என்றாள் அவர் ஆத்தா.

"கடையில மட்டும் காலாலயா ஆக்குறான்?"

நான் சிரித்துவிட்டேன். உடனே மாமா என் பக்கம் திரும்பி, "சமையாத பொம்பளப் புள்ள இந்தா இருக்கால்ல என் மருமக. வாயப் பாரு, ஏழு கை என்ன எழுபது கை திங்கும்" என்றார். என் அம்மாவுக்கு அப்போது கைப்பிள்ளை. ஒரு வாய் குறைந்தால் போதும் என்று என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தாள். இப்படித்தான் நான் அந்த வண்டியில் ஏறினேன்.

மாமா சொன்னது எனக்கு அன்றைக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. நானும் அந்த வீட்டுச் சோறு தின்றவள்தானே. இன்றைக்கு வரைக்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கூடப் பக்கத்து வீட்டில் கேட்டு நின்றதில்லை.

வண்டியில் அத்தைக்குச் சாய்ந்துகொள்ள வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம். மடியில் அவள் சீர் கொண்டுவந்த பித்தளைத் தூக்குச் சட்டி. உள்ளே ஈயம் பூசியது. மூடியில் ஒரு சொட்டை, கட்டிக் கொடுத்த அன்றே யாரோ கீழே போட்டது. வழியில் வாந்தி வந்தால் கொப்பளிக்க அதில் தண்ணீர், திரும்பும்போது அதில் பலகாரம். அந்தத் தூக்கு பிறகு எந்தப் பழைய பித்தளைக்காரன் சாக்குக்குள் போனதோ தெரியவில்லை. அதன் வளையம் கையில் பதியும் குளிர்ச்சி மட்டும் இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது.

காய் இறக்கினால் காலையிலேயே வேலை முடிந்தது. மிச்சப் பகல் முழுக்க எங்களுடையது. கோயிலில் கிளிக்கூட்டுப் பக்கம் நின்று கிளிகளைப் பார்ப்போம். புதுமண்டபத்தில் வளையல், குங்குமம், மரச்சொப்பு. தெருமுனையில் பருத்திப்பால்காரர் அண்டாவில் கரண்டியால் தட்டும் சத்தம், சுக்கும் கருப்பட்டியும் கலந்த அந்த ஆவி. அத்தை அதற்கு முன்னால் ஊரை இப்படிப் பார்த்ததே இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அடுப்படியும் தோட்டமும்தான். "ஏண்டி, இம்புட்டு ஊரா இருக்கு!" என்று என் காதுக்குள் சொல்வாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் கை, பட்டுநூல்காரத் தெருவில் அடுப்பு வைத்திருந்த ஒரு அம்மா. சாயங்காலமானால் முள்ளுமுருங்கை இலையையும் அரிசியையும் சேர்த்து அரைத்து, கையகலத்துக்குத் தட்டி எண்ணெயில் போடுவாள். பச்சைப் பசேலென்று உப்பி எழும்பும். மேலே காரப்பொடி தூவி வாழைச் சருகில் வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரியோடு அவர்கள் பாசையில் சளசளவென்று பேசிக்கொண்டே, அத்தையின் வயிற்றைப் பார்த்து, "மசக்கையா? பொடி கூடப் போடட்டா?" என்று தமிழில் கேட்டாள். நான் முதல் வாய் கடித்தேன். நாக்கு எரிந்தது. அத்தை இரண்டு தின்றாள். ரெண்டும் வயிற்றில் தங்கியது. மாமா நடுத்தெருவில் நின்று, "ஒரு கை ஆச்சு!" என்று சத்தமாகச் சொன்னார்.

அடுத்தது ஐயர் கிளப்புக் கடை. அங்கே உள்ளே அவர்களுக்குத் தனி இடம், நம்ம ஆட்களுக்கு வெளித் தாழ்வாரம், பொம்பளைகள் வந்தால் பக்கத்து நடையில் ஒரு பெஞ்சு. நெய் மணமும் காப்பிக்கொட்டை வறுபடும் மணமும் நடை வரைக்கும் வரும். இலையில் பொங்கலை வைத்தவரிடம் மாமா, "சாமி, இத ஆக்குனது யாரு?" என்று கேட்டார்.

"ஏன்யா?"

"ஐயர்தான் ஆக்குனாரான்னு தெரியணும்."

அவர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். "இந்த ஊர்ல இத்தன வருசமா நாங்கதான்யா வாரவன் சாதியக் கேட்டுட்டிருக்கோம். நீ வந்து எங்க சாதியக் கேக்குறியா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் மூச்சு வாங்கியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாமா கூட, "சிரிச்சு மூச்சு வாங்குறவள இப்பத்தேன் பாக்குறேன்" என்றார்.

பிறகு வடக்கத்திச் சேட்டுக் கடையில் நெய்யில் மிதக்கும் மிட்டாய். அது சோறா இல்லையா என்று வண்டியில் ஊர் வரைக்கும் சண்டை. மலையாளத்துக்காரர் டீக்கடையில் புட்டு, அதில் சண்டையில்லை, அரிசி அரிசிதான். செட்டியார் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நடத்திய சாப்பாட்டுக் கடையில் கும்மாயம் என்று ஒன்று கொடுத்தார்கள், உளுந்தை வறுத்து அரைத்துக் கருப்பட்டி போட்டுக் கிண்டியது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எச்சில் ஊறுகிறது. கார்த்திகையும் மார்கழியும் இப்படிப் போனது.

தெலுங்குக்காரர் கறிச்சோற்றுக் கடையில்தான் முதலில் கெட்ட காரியம் நடந்தது. கறியின் வாசம் வந்ததுமே அத்தை எழுந்து சாக்கடைப் பக்கம் ஓடினாள். நான் தூக்கை நீட்டினேன். கொப்பளிக்கக் குனிந்தவளின் கையிலிருந்து கண்ணாடி வளையல் ஒன்று தானாகக் கழன்று தூக்குக்குள் விழுந்து ணங் என்றது. உடையவில்லை. அவளுக்கென்று இறுக்கிப் போட்ட வளையல் அது. மணிக்கட்டு அவ்வளவு இளைத்திருந்தது. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது, கையும் காலும் சுள்ளியாகிக்கொண்டே வந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "ஆம்பளப் புள்ள. தாய உருக்கித்தேன் வளரும்." மருத்துவச்சி சொன்னாள், மாமியார் சொன்னாள், கடைக்காரர்கள் சொன்னார்கள். என் அம்மா வந்து பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டுப் போனாள். இத்தனை பெரிய மனுசர்கள் ஒரு வயிற்றைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தருக்காவது வேறு நினைப்பு வந்திருக்கக் கூடாதா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ஆறு கை ஆகிவிட்டது என்றார் மாமா. "கறிய அவ திங்கவே இல்ல, அஞ்சுதேன். அதுவும் காசுக்கு வாங்குனது ஒண்ணுமே கணக்குல வராது" என்றாள் மாமியார். அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எந்தக் கணக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பங்குனி வந்துகொண்டிருந்தது.

அடுத்த நடை சிம்மக்கல் போனபோது மாமா மண்டிக்காரரிடம் பேசப் போனார். அத்தை என் கையைப் பிடித்து, "சத்தம் போடாம வா" என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டாள். பள்ளிவாசல் இருக்கிற தெருவுக்குள் போனோம். அவர்களுக்கு நோன்பு மாதம். பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கிற வாசம் தெரு முழுக்க, பூண்டும் தேங்காய்ப்பாலும் பட்டையும். சின்னப் பிள்ளைகள் கிண்ணத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு வீட்டு வாசலில் நின்றாள். முந்தானையை எடுத்து விரித்து ஏந்தினாள்.

"ஆத்தா, ஒரு வாய் சோறு."

உள்ளேயிருந்து ஒரு ராவுத்தர் வீட்டம்மா வந்தாள். என் அம்மா வயசிருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை. அத்தையின் மடியைப் பார்த்தாள். "கஞ்சிய மடியில ஊத்தச் சொல்றியாத்தா? ஏனத்த நீட்டு."

அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தம்மா எங்களைப் படியில் உட்காரச் சொன்னாள். பாங்கு சொன்ன பிறகு தன் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, எங்கள் தூக்கு நிறைய ஊற்றினாள். நான் முதல் வாய் குடித்தேன். அதற்குள் அந்தம்மா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தன மாசம்? புள்ள ஒதைக்குதா?"

"ஒதைக்கல. கனமாக் கெடக்குது."

"தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. முகம் மாறிப்போனது. "எங்க லாத்தாவுக்கு, கூடப் பொறந்த அக்காவுக்கு, இப்படித்தான் இருந்துச்சு. கை கால் சூம்பி, வயிறு மட்டும் ஏறி. ஏத்தா, நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க வெள்ளக்காரச்சி டாக்டர் இருக்கா, பொம்பளதான், வெக்கப்படாத."

மாமா தெருமுனையில் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. "மடியேந்துனியா?" என்ற குரலுக்குத்தான் திரும்பினோம்.

"அண்ணே, ஏசாதீங்க. இது புள்ள மாதிரி தெரியலண்ணே, ஆஸ்பத்திரிக்கு..."

மாமா அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு காசை எடுத்துப் படியில் வைத்தார்.

"நோம்புக் கஞ்சிக்குக் காசா? எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள். அவர் எடுக்கவில்லை. வண்டிக்கு வந்ததும் அத்தையின் கையிலிருந்த தூக்கை வாங்கினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்படியே கவிழ்த்துவிட்டார். வெள்ளையாகத் தரையில் ஓடி மண்ணில் இறங்கியது. அத்தை ஒரு சொட்டுக் கூட வாயில் வைத்திருக்கவில்லை. மூடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள், அவ்வளவுதான்.

ஊர் போய்ச் சேரும்வரை மாடுகளோடு கூட மாமா பேசவில்லை. மடியேந்தியது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

தை பிறந்து தெப்பத் திருவிழா வந்தது. அத்தைக்கு எழுந்து நிற்கவே பலமில்லை. இருந்தாலும் வண்டியூருக்குப் போக வேண்டும் என்றாள். "மறுபடி எப்பப் பாக்கப் போறேன்" என்றாள். அதைப் பிரசவம் வந்துவிடும் என்ற அர்த்தத்தில்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மாமா வைக்கோலை இரண்டு மடங்காகப் போட்டு வண்டி கட்டினார். தெப்பக்குளத்தைச் சுற்றி ஜனம். கரும்பு, பொரி, பலூன், ராட்டினம். வண்டியைக் குளத்தின் கரையோரமாக நிறுத்தி, அத்தையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மாமா உட்கார்ந்தார். பொழுது சாயவும் தெப்பம் விளக்கோடு நகர ஆரம்பித்தது. தண்ணீருக்குள் இன்னொரு தெப்பம் தலைகீழாக நகர்ந்தது.

"என்ன வேணும் புள்ள? கரும்பு வாங்கட்டா? சுண்டல்?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கஞ்சிதேன். வாசம் இன்னும் நாக்குலயே இருக்கு" என்றாள்.

மாமா அவளை மெல்ல வைக்கோலில் சாய்த்துவிட்டு இறங்கினார். தெப்பம் ஒரு சுற்று முடிவதற்குள் மாட்டைப் பூட்டினார். வண்டி மேற்கே நம்ம ஊர்ப் பாதைக்குத் திரும்பவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, "வெள்ளக்கார லேடி டாக்டர் எங்க?" என்றார். அந்தப் படியில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததால்தான் கஞ்சியைக் கொட்டினார் என்று இப்போது படுகிறது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னாள். நர்ஸ் தமிழில் சொன்னாள். "கட்டிங்க. முத்திருச்சு. மழைக்காலத்துலயே கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்." மழைக்காலத்தில் நாங்கள் புட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

விசயம் ஊருக்குப் போனது. மாமியார் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மடியேந்தச் சொன்னா கடைக்குக் கூட்டிப் போனான், வாங்குன ஒரு வாயயும் கொட்டுனான்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் அவள் அப்படித்தான் நம்பினாள். மாமா மறுத்துப் பேசவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தை பங்குனியைப் பார்க்கவில்லை.

அதற்கு முந்தி ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த எதுவும் அத்தைக்கு இறங்கவில்லை. மாமா தூக்கை எடுத்தார், என் கையைப் பிடித்தார். பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தோம். நோன்பு முடிந்து பெருநாளும் போயிருந்தது. தெருவில் ஆட்கள் நடமாட்டம் இருந்தது, சந்தையில் மாமாவுக்குப் பழக்கமான மண்டி ஆள் ஒருவர் கூட எதிரே வந்து, "என்ன மாப்ள, இந்தப் பக்கம்?" என்றார். மாமா அவர் பார்க்கப் பார்க்கத் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்த வாசலில் நின்று தூக்கை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாயி, கஞ்சி வேணும்."

ராவுத்தர் வீட்டம்மா எங்களைப் பார்த்தாள். அத்தை கூட வராததைப் பார்த்தாள். "நோம்பு முடிஞ்சு போச்சேண்ணே. கஞ்சி காச்சுறதில்லையே." மாமா நீட்டிய கையை இறக்கவில்லை. "சரி, உக்காருங்க. வச்சுத் தாரேன்."

அவர் உட்காரவில்லை. உள்ளே அரிசி களைகிற சத்தம், பூண்டு நசுக்குகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்தம்மா மாடத்திலிருந்து ஒரு காசை எடுத்து மாமா கையில் வைத்தாள். அன்றைக்கு அவர் படியில் வைத்துவிட்டுப் போன காசு. மாமா அதை வாங்கிக்கொண்டு தலைக்கு மேல் கை கூப்பினார்.

தூக்கின் மூடியைத் திறந்ததும் அத்தை கண்ணைத் திறந்தாள். வாசம் போதும் அவளுக்கு. குரல் காற்று மாதிரி வந்தது. "காசு குடுத்தீகளா?"

"இல்ல. ஏந்தித்தேன் வாங்குனேன்."

"யாரும் பாத்தாகளா?"

"பாத்தாக. மண்டிக்காரர் பாத்தாரு."

அத்தை அவர் இடுப்புத் துண்டைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. மாமா கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி அவள் வாய்க்குக் கொண்டுபோனார். அவள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, என்னைக் கண்ணால் காட்டினாள்.

"மொத வாய் அவளுக்கு."

வயிற்றில் பிள்ளை இல்லை என்பது அந்த நேரம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன். மாமா எனக்கு ஊட்டினார். பிறகுதான் அவள் குடித்தாள்.